பொது உடல்தகுதிப் பயிற்சியா, ஆட்டம் சார்ந்த பயிற்சியா: கபடி வீரருக்கும் வார இறுதி ஷட்டில்காரருக்கும் எது எவ்வளவு?

வாரத்தில் உடற்பயிற்சிக்கென்று கிடைப்பது நான்கைந்து மணி நேரம்தான். அதை ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஓட்டம் என்று செலவழிப்பதா, ஆடும் ஆட்டத்துக்கென்றே அமைத்த பயிற்சிகளில் போடுவதா? மாவட்ட அணித் தேர்வுக்குத் தயாராகும் கபடி வீரருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது, அலுவலகம் முடிந்து ஷட்டில் கோர்ட்டுக்குப் போகும் நாற்பது வயதுக்காரருக்கும் இருக்கிறது. இருவருக்கும் பதில் வேறு. ஆனால் பதிலைத் தீர்மானிப்பவை மூன்றே விஷயங்கள். இதுவரை எத்தனை வருடம் ஒழுங்காக எடைப் பயிற்சி செய்திருக்கிறீர்கள், போட்டிக்கு இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது, நீங்கள் ஆடும் ஆட்டம் உடம்பில் எந்த இடத்தைப் பதம் பார்க்கும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடமாவது இடைவிடாமல் எடைப் பயிற்சி செய்யாத யாராக இருந்தாலும், மைதானத்துக்கு வெளியே கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதி பொதுப் பயிற்சிக்குத்தான் போக வேண்டும். காரணம் எளிது. ஆட்டத்தை ஆடுவதுதான் இருப்பதிலேயே மிகத் துல்லியமான ஆட்டம் சார்ந்த பயிற்சி. வாரம் ஐந்து நாள் மேட்டில் (ஆடுகள விரிப்பில்) கபடி ஆடுபவருக்கு அது ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது. அவரிடம் இல்லாதது கால் வலுவும், தொடைப் பின்தசையின் தாங்குதிறனும், ஆட்டத்துக்கு ஆட்டம் மூச்சு மீளும் வேகமும். இவற்றை ஆட்டம் ஓரளவுக்கு மேல் தராது.

நான்கு படிகள்

இந்த இரண்டையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பார்ப்பதே தவறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சம்மட்டி எறிதலில் தங்கம் வென்று, பிறகு பயிற்சியாளரான அனடோலி பொந்தார்ச்சுக் பயிற்சிகளை நான்கு படிகளாகப் பிரித்தார். அடிப்படியில் ஆட்டத்தின் அசைவோடு தொடர்பில்லாத பொதுப் பயிற்சி. அதற்கு மேல், அசைவு வேறாக இருந்தாலும் அதே தசைகளுக்கு வேலை தருபவை. மூன்றாவது, போட்டி அசைவின் ஒரு பகுதியை மட்டும் தனியாக எடுத்துச் செய்வது. உச்சியில் போட்டி அசைவே. அவரிடம் பயின்ற யூரி செதிஹ் 1986இல் ஸ்டுட்கார்ட்டில் எறிந்த 86.74 மீட்டர் இன்றும் உலக சாதனையாக நிற்கிறது.

எதிரணிப் பக்கம் பாடிப் போகும் கபடி ரெய்டருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். புல் அப், மெதுவான ஓட்டம், பெஞ்ச் பிரஸ் ஆகியவை முதல் படி. ஒற்றைக்கால் ஸ்குவாட், எடையோடு ஒரு காலை முன்னால் எட்டி ஊன்றி மடங்கும் லஞ்ச், எடை கட்டிய பலகையை இழுத்து ஓடுவது இரண்டாவது. இடுப்பில் துண்டைக் கட்டி ஒருவர் பின்னால் இழுக்க, நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்து கை நீட்டித் தொடுவது மூன்றாவது. ஏழு பேர் எதிரே நிற்க உண்மையாகப் பாடிப் போவது நான்காவது. போட்டி நெருங்க நெருங்க நேரம் கீழ்ப்படிகளிலிருந்து மேல்படிகளுக்கு நகர வேண்டும். கீழ்ப்படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் சீசன் நடுவில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்காருகிறார்கள்.

ஆட்டம்போலத் தோன்றுவதெல்லாம் ஆட்டம் சார்ந்தது அல்ல

பணமும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான். ஷட்டில் ராக்கெட்டில் ரப்பர் பட்டையைக் கட்டி ஸ்மாஷ் அடிக்கச் சொல்கிறார்கள். ரப்பர் நீள நீளத்தான் அதன் இழுவிசை கூடும். அதாவது இறகுப்பந்தைத் தொடும் கணத்தில், ராக்கெட் உச்ச வேகத்தில் இருக்க வேண்டிய அதே இடத்தில், பட்டை அதிகமாகப் பின்னிழுக்கிறது. கை கற்றுக்கொள்வது தொடும் நேரத்தில் வேகம் குறைவதை. டம்பெலைப் பிடித்துக்கொண்டு ஸ்மாஷ் செய்வதும் இதே கதைதான். புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது, ஸ்மாஷ் முன்னோக்கிப் போகிறது. கடைசியில் வேலை செய்வது கையைத் தூக்கிப் பிடிக்கும் தோள் தசை மட்டும்.

அரைப் பந்துபோன்ற ஆடும் பலகையில் நின்று ஸ்குவாட் செய்வது இன்னொன்று. கால் உறுதியாக ஊன்றாதபோது தசை முழு விசையைக் காட்ட முடியாது. ஆகவே கால் வலுவும் ஏறுவதில்லை. மேட்டும் கோர்ட்டும் காலடியில் ஆடுவதும் இல்லை. தரையில் ஏணி விரித்து அதற்குள் கால் மாற்றிக் குதிப்பதை வார்ம் அப்பாகச் செய்வதில் தவறில்லை, ஆனால் அது சுறுசுறுப்புப் பயிற்சி ஆகாது. எதிராளியின் தோளைப் பார்த்துத் திசை மாற்றுவதுதான் ஆட்டத்தில் தேவை, ஏணியில் பார்ப்பதற்கு எதிராளி இல்லை.

ஒரு பயிற்சி ஆட்டம் சார்ந்ததா என்று பார்க்க, அதன் தோற்றத்தை விட்டுவிட்டு நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். விசை எந்தத் திசையில் போகிறது, மூட்டு எந்தக் கோணத்தில் வேலை செய்கிறது, அந்த விசையைக் காட்ட எவ்வளவு நேரம் கிடைக்கிறது, வேலைக்கும் ஓய்வுக்கும் விகிதம் என்ன. இந்தக் கணக்கில் பார்த்தால், ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் ஆழமான ஸ்குவாட், கணுக்கால் பிடிக்கும் கார்னர் வீரருக்கு ரப்பர் பட்டையைவிடப் பல மடங்கு நெருக்கமானது.

கபடி: 16 வாரத் திட்டம்

சீனியர் ஆண்கள் மைதானம் 13 × 10 மீட்டர். ரெய்டர் தாண்டியாக வேண்டிய பாக் லைன் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், அதிலிருந்து போனஸ் கோடு 1 மீட்டர். ஒரு ரெய்டு 30 வினாடிக்கு மேல் போகாது. ஒரு பாதி 20 நிமிடம். முக்கிய ரெய்டர் ஒரு ரெய்டு போய்த் திரும்பினால், எதிரணி ரெய்டும் தன் அணியில் மற்றவர்களின் ரெய்டும் போக, அடுத்த முறை போவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் கிடைக்கும். வேலை ஒன்று என்றால் ஓய்வு இரண்டிலிருந்து நான்கு. பயிற்சியின் வடிவம் இந்த எண்களிலிருந்துதான் வர வேண்டும்.

முதல் 8 வாரம் பொதுப் பயிற்சி மேலோங்க வேண்டும். வாரம் மூன்று நாள் ஜிம்: ஸ்குவாட் 3 செட், 6 முதல் 8 தடவை. முழங்காலை லேசாக மடக்கி இடுப்பிலிருந்து குனியும் டெட்லிஃப்ட் 3 × 8 (3 செட், 8 தடவை). புல் அப் முடிந்த அளவில் 3 செட், தண்டால் 3 × 15. இரண்டு கையிலும் கனமான டம்பெல்லோ மணல் நிரப்பிய கேனோ பிடித்து 30 மீட்டர் நடை, நான்கு முறை. பிடிவலுவுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒவ்வொரு செட்டும் இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். எல்லாச் செட்டிலும் மேல் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம்.

இதோடு இரண்டு பயிற்சிகள் கட்டாயம். ஒன்று நார்டிக்: மண்டியிட்டு, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தோள்வரை நேர்கோடாக வைத்து மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றுவது. தொடைப் பின்தசைக் காயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் பயிற்சி இது. பெரும்பாலும் நடக்கும் தவறு, இடுப்பை மடக்கிக் குனிவது. அப்படிச் செய்தால் பின்தசைக்கு வேலை குறைந்துவிடும். முதல் வாரம் ஒரே நாள், 2 × 4 போதும். எடுத்த எடுப்பில் 3 × 10 செய்தால் நான்கு நாள் படியிறங்க முடியாது, பிறகு அந்தப் பயிற்சியின் பக்கமே தலைவைக்க மாட்டார்கள். இரண்டாவது கோபன்ஹேகன்: பக்கவாட்டில் ஒரு முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்கில் மேல்காலை பெஞ்சின் மேல் வைத்து, கீழ்காலைத் தூக்கி அதோடு சேர்ப்பது. பக்கத்துக்கு 2 × 6. தொடை இடுக்கு வலி வராமல் காப்பது இதுதான். ஆரம்பத்தில் கணுக்காலுக்குப் பதில் முழங்கால் பெஞ்சில் இருக்கட்டும்.

மீதி இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம். ஊர்த் திருவிழாக் கபடி இரவெல்லாம் நடக்கும். ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டம் வந்துவிடும். அங்கே கைகொடுப்பது இந்த ஓட்டத்தில் சேர்த்த மூச்சுதான். ஆனால் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஸ்குவாட்டும் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட 10 வார ஆய்வில், கடுமையான எடைப் பயிற்சியையும் கடுமையான ஓட்டம், சைக்கிளையும் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலு ஏழெட்டு வாரம் ஏறி, பிறகு தேங்கி இறங்கத் தொடங்கியது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரே நாளில் இரண்டும் செய்தாக வேண்டுமென்றால் எடை காலையில், ஓட்டம் மாலையில்.

9 முதல் 13ஆம் வாரம்வரை ஜிம் இரண்டு நாளாகக் குறையும். எடை கூடும், எண்ணிக்கை 4 அல்லது 5க்கு இறங்கும். இப்போது ரெய்டு இடைவெளிப் பயிற்சி வாரம் இரண்டு நாள் உள்ளே வருகிறது. நடுக்கோட்டில் தொடங்கி, பாக் லைனைத் தாண்டி ஒரு மூலை, பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த மூலை, போனஸ் கோட்டைக் கால் தாண்டி, பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். 25 வினாடி, முழு வேகம், பாடிக்கொண்டே. 75 வினாடி ஓய்வு. 8 முறை செய்தால் ஒரு சுற்று. 5 நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. பாடாமல் செய்வது பெரிய குறை, ஏனென்றால் பாடும்போது மூச்சு வெளியேறிக்கொண்டே இருக்கும் நிலையில் கால் வேலை செய்ய வேண்டும், அந்தத் திணறல் பழக வேண்டும். 25 வினாடியில் தொட்ட இடங்களின் எண்ணிக்கை முதல் முறையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பழகுவது மெதுவாக ஓடுவதுதான்.

கடைசி மூன்று வாரம் ஜிம்மில் வாரம் ஒரு நாள், ஒவ்வொன்றிலும் இரண்டே செட். புதிதாக எந்தப் பயிற்சியும் வேண்டாம். மீதி எல்லாம் மேட்டில்.

பொதுப் பயிற்சியில் கபடிக்காரர் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சீனியர் ஆண்கள் பிரிவில் எடை வரம்பு 85 கிலோ. 83 கிலோவில் இருப்பவர் எட்டு வாரம் கடுமையாக எடை தூக்கி, நன்றாகச் சாப்பிட்டு, எடை பார்க்கும் நாளில் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்ற வைத்துக்கொண்டு போகிறார். சேர்த்த வலு அங்கேயே கரைந்துவிடும். வாரம் ஒரு முறை காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வையுங்கள். வரம்பை நெருங்கினால் செட்டுகளைக் குறைத்து, எண்ணிக்கையை 3 முதல் 5க்குள் வைத்துக் கனமாகத் தூக்குங்கள். உடல் எடை அதிகம் ஏறாமல் வலு ஏறும்.

நாற்பதைத் தொட்டவரின் ஷட்டில்

இவருக்குப் போட்டி நாள் என்று ஒன்று இல்லை. அதனால் படிப்படியாக மேலேறி உச்சத்தைத் தொடும் திட்டமும் தேவையில்லை. இவருடைய பகை வேறு: ஐந்து நாள் நாற்காலி, ஆறாம் நாள் இரண்டு மணி நேர டபுள்ஸ். குதிகால் தசைநாண் அறுந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட, எப்போதாவது ஆடும் ஆண்கள் அதிகம். பின்னால் எகிறிய பந்துக்காகக் காலை ஊன்றித் தள்ளும் கணத்தில், பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருந்தது என்பார்கள். அந்த நாணுக்கு வலி முன்கூட்டியே வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆகவே இவருக்கு நாங்கள் சொல்வது முக்கால் பங்கு பொதுப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. ஷட்டில் ஆடுவதால் முதல் பாதி பெருமளவு நிறைவேறிவிடும். இரண்டாவது பாதி அப்படியே விட்டுப்போகிறது. 40 நிமிடம் வீதம் வாரம் இரண்டு நாள்: டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், டம்பெல் டெட்லிஃப்ட், குனிந்து இழுக்கும் ரோயிங், புஷ் அப், பிளாங்க். எல்லாம் 3 × 8 முதல் 12.

ஆட்டம் சார்ந்ததாகச் சேர்க்க வேண்டியது மூன்றே மூன்று. முதலாவது குதிகால் தூக்குதல், படியின் விளிம்பில் நின்று, ஒற்றைக்காலில். ஒரு வினாடியில் மேலே, மூன்று வினாடியில் கீழே. முழங்காலை நீட்டி 3 × 12, மடக்கி 3 × 15. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கோர்ட்டில் முழங்கால் மடங்கிய நிலையில்தான் பெரும்பாலும் நிற்கிறோம், அப்போது பாரம் தாங்குவது கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை. எளிதாகிவிட்டால் முதுகுப்பையில் 5 கிலோ. தரையில் நின்று, சுவரில் விரலை மட்டும் தொட்டுக்கொண்டு, ஒரே காலில் 20 தடவை முழு உயரம் எழ முடியாதவர் இப்போதைக்கு சிங்கிள்ஸ் ஆட வேண்டாம். இரண்டாவது, வலைக்கு முன் ஊன்றும் நீண்ட லஞ்ச், காலுக்கு 2 × 8. குதிகால் முதலில் படிய வேண்டும், முழங்கால் பாத விரல்கள் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. மூன்றாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, 2 × 15. ஸ்மாஷுக்குப் பின் கையை நிறுத்தும் சிறு தசைகளுக்கு இது. பட்டைக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இதுதான்.

ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர், பல வருடம் ஆடாமல் இப்போது தொடங்குபவர், முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆடும்போது நெஞ்சில் பாரமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ வந்தால் அந்தப் புள்ளியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நிற்காமல், உடனே ஆட்டத்தை விட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

பொதுப் பயிற்சி போதாத இடங்கள்

வேகப்பந்து வீச்சு இதற்கு நேர் எதிரான உதாரணம். முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை, ஒரு வினாடியில் சிறு பங்குக்குள், முதுகு வளைந்து திரும்பியிருக்கும் நிலையில் வந்து இறங்குகிறது. எந்த ஜிம் பயிற்சியும் அந்தக் கலவையைத் தராது. இடுப்பு முதுகெலும்பு பந்து வீசித்தான் அதற்குப் பழகும், பழக வாரங்கள் பிடிக்கும். பரீட்சைக்காக இரண்டு மாதம் ஜிம் மட்டும் போய் நல்ல உடம்போடு திரும்பும் பதினேழு வயதுப் பையன், முதல் வாரமே முழு மூச்சாக வீசுவான். உடம்பு ஒத்துழைக்கும், எலும்பு தயாராக இருக்காது. அந்த வயதில் முதுகெலும்பில் விரிசல் விழுவது அப்படித்தான். நாளுக்கு 24 பந்து, வாரம் மூன்று நாள் என்று தொடங்கி, வாரத்துக்கு 6 பந்து கூட்டினால் ஆறாவது வாரம் 54இல் நிற்பார். எண்ணி எழுதி வைக்க வேண்டும். வலைப்பயிற்சியில் வீசுவதும் கணக்கில் சேரும்.

காவலர் தேர்வும் இந்த வகைதான். இரண்டாம் நிலைக் காவலருக்கான ஆண்கள் ஓட்டம் 1500 மீட்டரை 7 நிமிடத்தில். 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. மூச்சு ஓரளவு சேர்ந்த பிறகு, கடைசி ஆறு வாரம் அந்த எண்ணைக் குறிவைத்தே ஓட வேண்டும்: 400 மீட்டரை 1 நிமிடம் 45 வினாடியில், 90 வினாடி ஓய்வோடு, ஆறு முறை, வாரம் இரண்டு நாள்.

சிறுவர்கள் விஷயத்தில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. பத்து வயதில் ஒரே ஆட்டம், வருடம் முழுக்க, அதற்கென்று தனிப் பயிற்சி என்று சேர்த்துவிடும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரே ஆட்டத்தில் குவிவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது, வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு கேட்கிறது. எளிய அளவுகோல் ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அதற்கு மேற்பட்ட மணி நேரம் ஒழுங்கமைத்த பயிற்சி கூடாது. பன்னிரண்டு வயதென்றால் பன்னிரண்டு மணி நேரம். மிச்சத்துக்குத் தெருவில் ஓடிப் பிடித்து ஆடட்டும், மரம் ஏறட்டும், நீச்சல் அடிக்கட்டும்.

சீசன் தொடங்கிய பிறகு

ஆட்டங்கள் வரிசையாக வரும்போது முதலில் கைவிடப்படுவது ஜிம்தான். அதை முழுதாக விட வேண்டியதில்லை. சேர்த்த வலுவைத் தக்கவைக்க, சேர்க்கும்போது செய்ததில் மூன்றில் ஒரு பங்கு போதும். குறைக்க வேண்டியது செட்டுகளை, எடையை அல்ல. வாரம் ஒரு நாள், ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல் அப் இரண்டிரண்டு செட், நார்டிக் ஒரு செட் ஐந்து தடவை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதைப் போட்டிக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் புதன்கிழமை, பிந்திப்போனாலும் வியாழக்கிழமை காலை.